மூன்றடுக்குத் திருமண கேக்: சாயாமல் அடுக்குவது எப்படி?

ஓர் அடுக்கு கேக் சரியப்போகிறது என்றால், மேலே இருக்கும் கேக்கைப் பார்த்தால் தெரியாது. கீழ் கேக்கைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது அடுக்கு உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி ஐசிங்கில் முடியளவு ஒரு கீறல் விழும். பிறகு கீழ் கேக்கின் பக்கவாட்டில், பாதி உயரத்தில், ஒரு மடிப்பு பிதுங்கி வரும். விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். அந்த மேடு வந்துவிட்டால், உள்ளே கேக் நசுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சென்னையில் ஒரு மே மாத வரவேற்பு நிகழ்ச்சிக்கு நான் செய்த முதல் மூன்றடுக்கு கேக் அது. மண்டபத்தில் ஏசி இன்னும் போடவில்லை. உடன் வந்த பெண், "அக்கா, டேபிள் சாயுதா, கேக் சாயுதா?" என்று கேட்டாள். கேக்தான் சாய்ந்துகொண்டிருந்தது. கிரில் செய்யும் மெல்லிய மூங்கில் குச்சிகளை உள்ளே செருகியிருந்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். மேலே இருந்த இரண்டு கேக்குகளையும் இறக்கி, கீழ் கேக்கை மட்டும் பூ வைத்து மேடையில் வைத்தோம். மணப்பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்து, "பரவாயில்லம்மா, இதுவே அழகாத்தான் இருக்கு" என்றார். அவர் அப்படிச் சொன்னதால்தான் நான் இந்தத் தொழிலை விடாமல் இருக்கிறேன். இனி யாருக்கும் அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எடை எந்த வழியாக இறங்குகிறது?

நான் சொல்வது 10, 8, 6 இன்ச் வட்ட கேக்குகள் மூன்றை, ஒவ்வொன்றும் 4 இன்ச் உயரத்தில், இடைவெளி இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதைப் பற்றி. நம் ஊர் வரவேற்புகளுக்குப் பெரும்பாலும் கேட்கப்படும் அளவு இது. கனாஷ், அதாவது சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சு, பூசி முடித்த பிறகு 6 இன்ச் கேக் ஏறக்குறைய ஒன்றரை கிலோ வரும், 8 இன்ச் இரண்டரை கிலோ வரும். ஆக, கீழே இருக்கும் 10 இன்ச் கேக்கின் தலையில் 4 கிலோ உட்காரப்போகிறது. காற்றுக்குமிழிகளால் ஆன ஒரு மெத்தைதான் கேக். அதன்மேல் 4 கிலோவை ஐந்தாறு மணி நேரம் வைத்தால் அது அமுங்கத்தான் செய்யும். நடுவில் கிரீம் இருந்தால் வழுக்கவும் செய்யும்.

அதனால் மேல் கேக்கின் எடை கீழ் கேக்கைத் தொடவே கூடாது. ஒரு முக்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் கேக்குக்கு அடியில் இருக்கும் அட்டைதான் முக்காலியின் பலகை. கீழ் கேக்குக்குள் செருகும் குச்சிகள் அதன் கால்கள். அந்தக் கால்கள் நிற்பது கீழ் கேக்கின் அடித்தளத்தில். கேக் என்பது கால்களைச் சுற்றி நிரப்பிய பஞ்சு மட்டும்தான். 4 கிலோவை 6 கால்கள் பகிர்ந்துகொண்டால், ஒரு காலுக்கு 700 கிராம்கூட வராது. தடிமனான பிளாஸ்டிக் ஸ்ட்ராவே அதைத் தாங்கும்.

இதில் பலகையோ கால்களோ, ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது பயனில்லை. அட்டை வைக்காமல் குச்சி மட்டும் செருகினால், மேல் கேக் குச்சியின்மேல் இறங்கிக் குத்திக்கொள்ளும். குச்சி இல்லாமல் அட்டை மட்டும் வைத்தால், அட்டையோடு சேர்ந்து கீழே அமுங்கும்.

பிரிட்டனில் 1947-இல் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்குச் செய்த கேக் 9 அடி உயரம், 4 அடுக்கு. செங்கல்போல இறுகிய பழ கேக், அதன்மேல் ஓடுபோலக் காயும் ராயல் ஐசிங். அவ்வளவு உறுதியான கேக்குக்கே அடுக்குகளுக்கு நடுவில் தூண் வைத்தார்கள். நம்முடையது மாம்பழ கிரீம் வைத்த வெனிலா கேக்.

வாங்கி வைக்க வேண்டியவை

அடித்தளத்துக்கு 14 இன்ச் எம்டிஎஃப் (மர இழையை அழுத்திச் செய்த) பலகை ஒன்று. கீழ் கேக்கைவிட 4 இன்ச் பெரியது, அதாவது சுற்றிலும் 2 இன்ச் விளிம்பு கிடைக்கும். பிடித்துத் தூக்க அந்த விளிம்பு வேண்டும். தடிமன் குறைந்தது 8 மில்லிமீட்டர் இருக்கட்டும். இரண்டு கைகளாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள், சற்றே வளைந்தாலும் வேண்டாம். முழு கேக்கின் எடை 8 கிலோவைத் தாண்டும். தூக்கும்போது பலகை வளைந்தால் ஐசிங் வெடிக்கும்.

8 இன்ச், 6 இன்ச் கேக்குகளுக்கு அதே அளவில் வட்ட அட்டைகள், எண்ணெயும் ஈரமும் ஏறாதபடி மேலே ஃபாயில் ஒட்டியவை. வெறும் பெட்டி அட்டையை வெட்டி வைக்காதீர்கள். ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருந்தாலே ஊறித் துவண்டுவிடும்.

தாங்கும் குச்சியைக் கடைகளில் டௌவல் என்று கேட்டால் கொடுப்பார்கள். மரத்தில் வருவது பென்சில் தடிமன் இருக்கும். உணவுக்கேற்ற பிளாஸ்டிக்கில் குழாய்போல உள்ளீடற்று வருவதும் உண்டு. பபுள் டீ குடிக்கும் பெரிய ஸ்ட்ராவும் நன்றாகவே வேலை செய்யும். நான் மூன்றடுக்கு வரை பிளாஸ்டிக் குழாயைத்தான் விரும்புகிறேன். கத்தரிக்கோலால் நேராக வெட்டலாம், கேக்கை அதிகம் இடித்துத் தள்ளாது. மரக்குச்சி முழுதும் கட்டியானது என்பதால், இறங்கும்போது தன் பருமனுக்கு கேக்கை ஒதுக்கித் தள்ளும். ஆறேழு செருகினால் கேக் லேசாக உப்பும். மெல்லிய மூங்கில் குச்சி மட்டும் கூடவே கூடாது. அது செங்குத்தாக நிற்காது, பாரம் ஏறியதும் சாய்ந்து கேக்கைக் கத்திபோல அறுக்கும். காகித ஸ்ட்ராவும் ஈரத்தில் கூழாகிவிடும். ஹார்டுவேர் கடையில் மரக்குச்சி வாங்குவதாக இருந்தால், பெயின்டோ வார்னிஷோ அடிக்காததாக வாங்கி, கழுவி நன்றாகக் காயவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இவை போக, கேக் மொத்த உயரத்தைவிட ஓர் இன்ச் குறைவான நீளத்தில் நடுக்குச்சி ஒன்று, சின்ன ரசமட்டம், அளவுகோல், அகலமான தட்டைக் கரண்டி இரண்டு. டிராயருக்குள் விரிக்கும் ரப்பர் வலையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். காருக்கு வேண்டும்.

கேக் எப்படி இருக்க வேண்டும்?

ஞாயிறு மாலை நிகழ்ச்சி என்றால் நான் வெள்ளியன்றே பேக் செய்துவிடுவேன். அன்றே சுட்டு அன்றே அடுக்கும் கேக் கைக்கு அடங்காது. சர்க்கரைப்பாகை நிறைய ஊற்றி நனைத்த ஸ்பாஞ்சும் அடுக்குக்கு ஒத்துவராது. வெண்ணெய் சேர்த்துச் செய்த, கொஞ்சம் இறுக்கமான கேக்தான் நல்லது. பாகு வேண்டும் என்றால் பிரஷ்ஷால் ஒருமுறை தடவுங்கள், போதும்.

ஒரு கேக்குக்குள் கிரீம் வைத்து அடுக்கும் ஒவ்வொரு கேக் தட்டின் மேல்முகட்டையும் ரம்பக்கத்தியால் சீவி மட்டமாக்குங்கள். நடுவில் வைக்கும் கிரீம் அரை சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். பழக்கூழ் வைப்பதாக இருந்தால், ஓரத்தைச் சுற்றி கெட்டியான கனாஷால் ஒரு வரப்பு கட்டி, அதற்குள் கூழை நிரப்புங்கள். வரப்பு இல்லாவிட்டால் அந்தக் கூழ்தான் நாளை பக்கவாட்டில் பிதுங்கும்.

பலரும் விட்டுவிடும் ஒரு வேலை இங்கே இருக்கிறது. கிரீம் வைத்து அடுக்கிய கேக்கை கிளிங் ஃபிலிமால் சுற்றுங்கள். அதன்மேல் ஒரு தரை டைல்ஸைத் துடைத்து, அதையும் ஃபிலிமில் சுற்றி, படுக்கவைத்து ஐந்தாறு மணி நேரம் விடுங்கள். கேக் தன் எடையில் எப்படியும் கொஞ்சம் அமுங்கும். உள்ளே மாட்டிய காற்று வெளியேறும். இது ஐசிங் பூசுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட வேண்டும். பூசிய பிறகு நடந்தால் பக்கத்தில் கொப்புளம் வரும். அதைவிட முக்கியமாக, கேக் அமுங்கிய பிறகு குச்சிகள் மேலே துருத்திக்கொண்டு நிற்கும், உங்கள் அளவெல்லாம் பொய்யாகிவிடும். 

வெளிப்பூச்சில் நம் வெயிலை மறக்க முடியாது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே, 25 டிகிரியைத் தாண்டியதுமே குழையத் தொடங்கும். நுரைத்த விப்பிங் கிரீம் ஃபிரிட்ஜை விட்டு வந்தால் அடுக்குக்குத் தாங்காது. எனவே நான் கனாஷ் பூசுகிறேன். டார்க் சாக்லேட் 1 கிலோவுக்கு, மற்ற மாதங்களில் கிரீம் 500 கிராம். ஏப்ரல், மே மாதங்களில் 400 கிராம். வெள்ளைச் சாக்லேட் இளகிய இனம், அதற்கு 1 கிலோவுக்கு 300 கிராம் போதும். குளிர்ந்து இறுகிய கனாஷ் கேக்கைச் சுற்றி ஓடுபோல நிற்கும். இதற்குமேல் ஃபாண்டன்ட் எனும் சர்க்கரை மாவுப் போர்வை போடுவதும் விடுவதும் கல்யாண வீட்டாரின் விருப்பம்.

பூசி முடித்ததும் ஒவ்வொரு கேக்கின் தலையிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கீழ் கேக்கில் 2 மில்லிமீட்டர் சரிவு இருந்தால், மூன்றாவது அடுக்கில் அது தூரத்திலிருந்தே தெரியும். கனாஷை இன்னும் கொஞ்சம் வைத்து இங்கேயே சரிசெய்துவிடுங்கள். பிறகு மூன்றையும் தனித்தனியாக ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

குச்சியை அளந்து வெட்டுவது

ஞாயிறு காலை 10 இன்ச் கேக்கை வெளியே எடுங்கள். பட்டர் பேப்பரில் 8 இன்ச் வட்டம் வெட்டி, கேக்கின் நடுவில் வையுங்கள். நாலு பக்கமும் அளவுகோல் வைத்து, விளிம்புவரை ஒரே தூரமா என்று பார்த்து, பல்குச்சியால் சுற்றி லேசாகக் கோடு இழுங்கள். காகிதத்தை எடுத்துவிட்டு, கோட்டுக்கு ஓர் இன்ச் உள்ளே 6 புள்ளிகள் வையுங்கள். கடிகாரத்தில் 12, 2, 4, 6, 8, 10 இருக்கும் இடங்கள். குச்சிகள் கோட்டுக்கு வெளியே போனால் வெளியே தெரியும், நடுவிலேயே குவிந்தால் மேல் கேக்கின் ஓரம் தொங்கும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே செருகாதீர்கள், இறுகிய கனாஷ் கண்ணாடிபோல விரியும். பத்து நிமிடம் விட்டு, ஒரு குச்சியை மட்டும் நேராக இறக்குங்கள். அடித்தளத்தில் இடிக்கும்வரை போக வேண்டும், "டக்" என்று கையில் தெரியும். கேக்கின் மேற்பரப்பை ஒட்டிக் குச்சியில் நகத்தாலோ பேனாவாலோ குறியிட்டு வெளியே எடுங்கள். கேக்கில் உயரமான இடம் என்று ஒன்று இருந்தால், முதல் குச்சியை அங்கேதான் இறக்க வேண்டும்.

இப்போது அந்த ஒரே குச்சியை அளவாக வைத்து மற்ற ஐந்தையும் வெட்டுங்கள். அன்று நான் செய்த தவறு இங்கேதான். ஒவ்வொரு இடத்திலும் தனியாகச் செருகி, அந்தந்த இடத்துக் கேக் உயரத்துக்கு வெட்டினேன். கேக்கின் மேடு பள்ளமெல்லாம் குச்சிகளுக்கு வந்துவிட்டது. முக்காலியின் கால்கள் ஒரே நீளமாக இருந்தால்தான் பலகை சாயாது. வெட்டியதும் ஆறையும் மேசையில் நிறுத்தி, மேலே அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் ஒட்டுப்போடாமல் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வெட்டுங்கள்.

நீளம் கேக்கின் மேற்பரப்புக்குச் சமமாக இருப்பது சிறப்பு. ஒரு மில்லிமீட்டர் கூடினால் பரவாயில்லை, அந்த இடுக்கை ஐசிங் மணி வைத்து மறைத்துவிடலாம். குறையக்கூடாது. குறைந்தால் மேல் கேக்கின் பாரம் முதலில் கேக்கில்தான் விழும்.

8 இன்ச் கேக்குக்கும் இதே வேலைதான். 6 இன்ச் வட்டத்துக்குள் 4 குச்சிகள் போதும். உச்சிக் கேக்குக்கு ஒன்றும் தேவையில்லை. ஒரே அடுக்கு 6 இன்ச்சுக்கும் மேல் உயரமாக வேண்டும் என்று கேட்டால், அதன் பாதி உயரத்தில் ஓர் அட்டையும் அதற்குக் கீழே குச்சிகளும் வைத்து, இரண்டு கேக்காகவே கட்டுங்கள்.

ஏற்றுவது

கீழ் கேக்கை அடித்தளப் பலகையில் உருகிய சாக்லேட்டால் ஏற்கெனவே ஒட்டியிருப்பீர்கள். இப்போது 8 இன்ச் வட்டத்துக்குள் ஐசிங் சர்க்கரையைச் சலித்துத் தூவுங்கள், அல்லது சற்றுச் சிறிய பட்டர் பேப்பர் வட்டம் ஒன்றை வையுங்கள். பின்னால் பிரிக்கும்போது அட்டையோடு கீழ் கேக்கின் ஐசிங் பிய்ந்து வராமல் இருக்கத்தான் இது. குச்சிகளின் தலையில் மட்டும் ஒரு சொட்டு உருகிய சாக்லேட் வையுங்கள்.

8 இன்ச் கேக் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வர வேண்டும், விறைப்பாக இருக்கும்போதுதான் கை படலாம். தட்டைக் கரண்டியை அட்டைக்கு அடியில் விட்டு உயர்த்தி, உள்ளங்கையை உள்ளே நுழையுங்கள். கேக்கின் பின்பக்க விளிம்பை முதலில் கோட்டில் தொடவைத்து, முன்பக்கத்தைக் கரண்டியின்மேல் இறக்கி, கரண்டியை மெதுவாக உருவுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவசரமாகச் செய்ய வேண்டாம். சாக்லேட் இறுகுவதற்குள் ஓரிரு நிமிடம் இருக்கிறது. அதற்குள் நாலு பக்கமும் பார்த்து விரல் நுனியால் நகர்த்திக்கொள்ளலாம். இன்னொருவர் கேக்கின் உயரத்துக்குக் குனிந்து பார்த்துச் சொன்னால் மிகவும் உதவி.

மூன்றும் ஏறிய பிறகு நடுக்குச்சி. இது எடை தாங்குவதற்கு அல்ல, கார் வளையும்போது அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் இருப்பதற்கு. காகித அட்டை என்றால், குச்சியின் ஒரு முனையை பென்சில் சீவுவதுபோலக் கூராக்கி, உச்சியிலிருந்து சிறு சுத்தியலால் தட்டி அட்டைகளைத் துளைத்து இறக்கலாம். எனக்கு அந்த அதிர்ச்சி பிடிக்கவில்லை. கேக் வைப்பதற்கு முன்பே இரண்டு அட்டைகளின் நடுவிலும் துளை போட்டுவிடுகிறேன். அடித்தளப் பலகைக்குத் துளை வேண்டாம், குச்சி அதில் முட்டி நின்றாலே போதும். அடுக்குகளுக்கு நடுவில் எம்டிஎஃப் வைக்கிறவர்களுக்கு முன்துளைதான் ஒரே வழி, எந்தச் சுத்தியலும் அதைத் துளைக்காது. 

ஓரங்களில் தெரியும் இடுக்கை கனாஷ் மணியாலோ ரிப்பனாலோ மூடுங்கள்.

வழியில்

முடிந்தால் 10, 8 இரண்டை மட்டும் வீட்டில் சேர்த்துவிட்டு, உச்சிக் கேக்கைத் தனிப் பெட்டியில் கொண்டுபோய் மண்டபத்தில் ஏற்றுங்கள். 2011-இல் இளவரசர் வில்லியம் திருமணத்துக்கான 8 அடுக்கு கேக்கையும் தனித்தனியாக அரண்மனைக்குக் கொண்டுவந்து அங்கேதான் அடுக்கினார்கள். 

கார் சீட் ஒருபோதும் மட்டமாக இருக்காது, பின்னோக்கிச் சரிந்திருக்கும். மடியும் ஆகாது, உடம்புச்சூடும் ஆட்டமும் சேரும். டிக்கியின் தரை அல்லது பின்சீட்டை மடித்த இடம்தான் சரி. ரப்பர் வலையை விரித்து, ரசமட்டம் பார்த்து, அதன்மேல் பெட்டியை வையுங்கள். புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஏசியைப் போட்டு காரைக் குளிரவைத்துவிடுங்கள். ஓட்டுகிறவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: வேகத்தடையைவிட திடீர் பிரேக்தான் ஆபத்து. என் அண்ணன்தான் எனக்கு எப்போதும் ஓட்டுவார். டேஷ்போர்டில் ஒரு டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் வைத்துக்கொண்டு, அது தளும்பாமல் ஓட்டுவார்.

ஃபாண்டன்ட் போட்ட கேக் ஃபிரிட்ஜிலிருந்து வந்ததும் வியர்க்கும். கடற்கரை ஊர்களில் இன்னும் அதிகம். துடைக்காதீர்கள், தொட்ட இடம் பளபளவென்று தழும்பாகிவிடும். கேக்கை அட்டைப்பெட்டியோடு ஃபிரிட்ஜில் வைத்து, பெட்டியைத் திறக்காமலே வெளியே எடுத்து, சூடு சமமாகும்வரை விட்டால், ஈரம் பெட்டியின் மேல் படியும்.

மண்டபத்தில்

முதலில் மேசையைப் பாருங்கள். மண்டபத்தில் கொடுப்பது மடக்குக்கால் மேசையாக இருக்கும், மேலே சாட்டின் துணி வேறு. துணியைத் தூக்கிக் கால் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, அழுத்தி ஆட்டிப் பார்த்து, ரசமட்டம் வையுங்கள். தாழ்ந்த காலுக்கு அட்டை மடித்துக் கொடுங்கள். மேடையின் ஃபோகஸ் விளக்கு நேராக விழும் இடம் வேண்டாம். வீடியோக்காரரிடம் தன்மையாகக் கேட்டால், வெட்டும் நேரம்வரை அந்த விளக்கை அணைத்து வைப்பார்.

பையில் கூடுதல் கனாஷ், நாலு குச்சி, கத்தரிக்கோல், ஈரத்துணி, கொஞ்சம் பூ இருக்கட்டும். ஓரம் இடிபட்டால் பூ மறைக்கும். ஆனால் நான் முதலில் சொன்ன கீறலும் மேடும் தெரிந்தால், பூ வைத்து மறைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். மேல் கேக்கை இறக்கி, குச்சி எங்கே குட்டையாக இருக்கிறது என்று பார்த்து மாற்றுங்கள். பத்து நிமிட வேலை.

இலங்கைத் திருமணங்களில் மேடையில் நிற்கும் அடுக்குகள் பெரும்பாலும் ரெஜிஃபோம் எனும் தெர்மோகோல்தான். உண்மையான ரிச் கேக் (பழங்கள் நிறைந்த கேக்) துண்டுகளைத் தனியாகப் பொதிந்து விருந்தினர்களுக்குக் கொடுப்பார்கள். வெயிலுக்கு அது நல்ல வழி. இங்கேயும் 500 பேர் வரும் வரவேற்புக்கு இந்த மூன்றடுக்கு போதாது. 10 இன்ச்சில் 38, 8 இன்ச்சில் 24, 6 இன்ச்சில் 12, மொத்தம் 74 துண்டுகள்தான் வரும், அதுவும் ஓர் இன்ச்சுக்கு 2 இன்ச் என்ற சிறிய அளவில். மிச்சத்துக்கு அதே மாவில் தட்டு கேக் செய்து சமையலறையிலேயே வெட்டிவிடலாம்.

மணமக்கள் கத்தி வைக்கும் இடத்தை முன்பே காட்டிவிடுங்கள்: கீழ் அடுக்கின் வெளிவிளிம்பு. அங்கே குச்சி கிடையாது. பரிமாறுகிறவர்கள் முதலில் நடுக்குச்சியை உருவ வேண்டும், பிறகு 6 இன்ச், பிறகு 8 இன்ச் என்று மேலிருந்து பிரித்து, குச்சிகளை எடுத்த பிறகே வெட்ட வேண்டும். இதை வாயால் சொன்னால் கூட்டத்தில் மறந்துவிடும். ஒரு சீட்டில் எழுதி கேட்டரிங் பொறுப்பாளர் கையில் கொடுக்கிறேன்: "கீழ் கேக்கில் 6, நடுக் கேக்கில் 4, நடுவில் நீளமாக 1. மொத்தம் 11 குச்சி. எண்ணிய பிறகே குழந்தைகளுக்குக் கொடுக்கவும்." அடியில் என் தொலைபேசி எண். எண்ணிக்கை குறைந்தால், இரவு எத்தனை மணியானாலும் கூப்பிடச் சொல்கிறேன்.